மாத்திரைகளுக்குக் கீழே இன்னும் நான்கு வரி: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

கீழே விழுந்ததில் என் வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது. உங்களில் ஒருவர் அதைக் கம்பியால் கட்டிச் சேர்த்து, ஆறாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து மாத்திரைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். வயிற்றெரிச்சல் வராமலிருக்கக் கொடுத்த மாத்திரைக்கும் அத்தனை விவரமும் இருந்தது. தாளின் கடைசி வரி மட்டும் இப்படி: ‘உடற்பயிற்சி: சொன்னபடி செய்யவும்.’

என்னிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எலும்பு, இதயம், நரம்பு, நுரையீரல் என்று எந்தத் துறையில் இருந்தாலும், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும் இந்த மடல் பொருந்தும். நான் கேட்பது ஒன்றுதான். உடற்பயிற்சியை மருந்து எழுதுவது போல எழுதிக் கொடுங்கள். என்ன பயிற்சி, எத்தனை முறை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு வலி வரலாம், எப்போது கூட்டவேண்டும், எப்போது நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரவேண்டும். இவ்வளவுதான். ஆனால் இது இல்லாததால் என் வாழ்க்கையில் ஏறக்குறைய மூன்று மாதம் வீணாகப் போனது. என் அப்பாவுக்கு அதைவிட அதிகம் போனது.

என் கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஆறு வாரம் காலை நீட்டியபடி பட்டையில் கட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அன்பாகச் சொன்னது ஒரே வார்த்தைதான்: ‘அசைக்காதே.’ நானும் அசைக்கவில்லை. ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பு நல்லா சேர்ந்திருக்கு. இனிமே மடக்கலாம், எக்சர்சைஸ் பண்ணுங்க” என்றார் மருத்துவர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் அவரால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்ததால்தான் இந்த மடலே பிறந்தது.

வீட்டுக்கு வந்து பட்டையை அவிழ்த்தேன். தொடை பாதியாக இளைத்திருந்தது. இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து முழங்காலை மடக்கிப் பார்த்தேன். கொஞ்சம் மடங்கியது, அப்புறம் கதவு முட்டி நின்றது போல நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். அன்று ராத்திரியே முழங்கால் பந்து போல வீங்கியது. கம்பி நகர்ந்துவிட்டதோ, எலும்பு விட்டுவிட்டதோ என்று பயந்து பத்து நாள் தொடவே இல்லை. அடுத்த முறை போனபோது, “இன்னுமா மடங்கலை? எக்சர்சைஸ் பண்ணலையா?” என்று கேட்டார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளை போலத் தலை குனிந்தேன். பாடத்தையே யாரும் நடத்தவில்லை என்று சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

அதன் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் முதலில் செய்தது அளந்ததுதான். பிளாஸ்டிக் கோணமானியை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, 40 டிகிரி என்று எழுதினார். பிறகு முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, “இதைக் கீழே அமுக்குங்க” என்றார். நான் அமுக்கினேன். அதாவது, அமுக்குவதாக நினைத்தேன். தொடையில் ஒரு அசைவும் இல்லை. என் கால், என் தசை, நான் சொல்லியும் அது கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவர் பதறவில்லை. முழங்காலில் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது முன்தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை உடம்பே அடக்கிவைக்கும், இது சோம்பலும் இல்லை, பக்கவாதமும் இல்லை, இந்தக் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பதுதான் என்று விளக்கினார். முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். என்னையும் அங்கேயே கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். பத்து நிமிடம் கழிந்திருக்கும். தோலுக்கடியில் மீன் துள்ளியது போல ஒரு சின்ன துடிப்பு. “வந்துடுச்சு பாருங்க” என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பிறகு அரைத் தாள் ஒன்றை எடுத்து எழுதினார். துண்டை அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, 10 முறை, நாளைக்கு 5 தடவை. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி தன்பக்கம் இழுத்து மடக்குவது, 10 முறை, நாளைக்கு 4 தடவை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவது, ஐந்து நிமிடம். அடுத்த வரியில் வலிக்கான கணக்கு இருந்தது. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. பயிற்சியின்போது நான்கு வரை போகலாம். மறுநாள் காலையில் முந்தைய நாள் அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கு, நிறுத்தாதே. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோ, தையலில் நீர் கசிவோ இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே.

‘பாதியாக்கு, நிறுத்தாதே.’ இந்த இரண்டு வார்த்தை என் கையில் ஆறாவது வாரமே இருந்திருந்தால், வீங்கிய அந்த ராத்திரிக்குப் பின் பத்து நாள் பயந்து படுத்திருக்க மாட்டேன். இருந்த இறுக்கம் மேலும் இறுகியது அந்தப் பத்து நாளில்தான்.

இப்படி எழுதிக் கொடுப்பது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. பயிற்சியை மருந்தின் கறாரோடு எழுதிய நல்ல உதாரணங்கள் உங்கள் துறையிலேயே இருக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹாக்கான் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வை நீங்கள் அறிவீர்கள். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணில் நெடுநாள் வலியோடு ஓட முடியாமல் இருந்த 15 பேர். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்குவதுதான் பயிற்சி. முழங்கால் நீட்டியபடி 15 முறை மூன்று சுற்று, சற்று மடக்கியபடி 15 முறை மூன்று சுற்று. காலையும் மாலையும். கூட்டினால் நாளைக்கு 180 முறை. 12 வாரம், ஒரு நாளும் விடாமல். வலித்தாலும் செய்யலாம், முடக்கும் அளவு வலித்தால் மட்டும் நிறுத்தவேண்டும். வலியில்லாமல் செய்ய முடிந்தால் முதுகுப் பையில் எடை ஏற்றவேண்டும். 12 வாரம் கழித்து 15 பேரும் பழையபடி ஓடினார்கள். ‘காலுக்கு எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வலிக்கிற காலை இத்தனை முறை இறக்கியிருப்பார்கள்? வலி வந்த முதல் நாளே விட்டிருப்பார்கள். வலிக்கும், ஆனாலும் செய்யலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததால்தான் அவர்கள் கடைசிவரை செய்தார்கள்.

வயதானவர்கள் என்றால் இன்னும் தயங்குகிறீர்கள். எண்பது தாண்டியவரிடம், “கொஞ்சம் கொஞ்சம் நடங்க, போதும்” என்பதோடு முடிந்துவிடுகிறது. 1990இல் மரியா ஃபியாடரோன் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் முதியோர் இல்லம் ஒன்றில் நலிந்துபோயிருந்த பத்துப் பேருக்குக் காலில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. ஒரே தடவையில் தூக்க முடிந்த உச்ச எடை எவ்வளவோ அதில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். வாரத்துக்கு மூன்று நாள், 8 வாரம். முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்கள் தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதுத் தசையும் கேட்டால் கொடுக்கிறது. கேட்கவேண்டிய அளவைக் கேட்கவேண்டும், அதுதான் விஷயம்.

சும்மா படுத்திருப்பதன் விலையும் உங்களுக்குத் தெரியும். 1947இலேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கை நோயாளிக்கு என்னென்ன கெடுதல் செய்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் உறுப்பு உறுப்பாக எழுதினார். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் சுமார் 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்கள் உடலின் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்கள் இருந்த நிலை, இருபது வயதில் மூன்று வாரம் படுத்தெழுந்த அன்று இருந்ததைவிடத் தேவலாம். மூன்று வாரப் படுக்கை முப்பது வருட முதுமையைவிட அதிகமாக வாங்கியிருக்கிறது. ஒரு நோயும் இல்லாத இளைஞர்களுக்கே இந்தக் கதி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களின் முன்தொடைத் தசையை ஸ்கேனில் அளந்து பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. பத்தே நாளில் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்படிச் சுருங்கிய காலோடுதான் ஒருவரை, ‘வீட்டில் ஓய்வெடுங்கள்’ என்று அனுப்புகிறோம்.

அப்பா கதைக்கு வருகிறேன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குறையாது. கிளம்பும்போது ஒரு இளம் மருத்துவர், “ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க, ரெஸ்ட்ல இருங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எது ஸ்ட்ரெயின், எத்தனை நாள் ரெஸ்ட் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். தண்ணீர்க் குடத்தை நகர்த்தப் போனாலும், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாலும் தடுத்தோம். மாடிப்படிப் பக்கம் விடவே இல்லை. நாலு மாதத்தில் அப்பா கூடத்திலிருந்து கழிவறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். இதயம் பலவீனமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். பரிசோதனையில் இதயம் நன்றாகவே வேலை செய்தது. பலவீனமானவை கால்களும் மனசும். “நான் இனி அவ்வளவுதான்” என்று அவர் அடிக்கடி சொல்ல ஆரம்பித்திருந்தார்.

இந்தப் பயம் புதிதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரம் படுக்கையைவிட்டு இறங்கவிட மாட்டார்களாம். சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லௌன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் துணிந்து நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 1952இல் அதைப் பதிவும் செய்தார்கள். உட்காரவைப்பதற்கே அன்று அத்தனை துணிச்சல் தேவைப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரண்டு அடுக்குப் பேருந்தில் நாளெல்லாம் மாடி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. எழுபது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது. மேற்பார்வையோடு செய்யும் இதயப் பயிற்சி, இதய நோயால் சாவதையும் மறுபடி மருத்துவமனையில் சேர்வதையும் குறைக்கிறது என்று அதற்குப் பின் எத்தனையோ ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் அப்பாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான்.

கடைசியில் வேறொரு மருத்துவர் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார். முதல் நாள் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்த்தார்கள். 210 மீட்டர். அதிலும் இரண்டு முறை நின்றார். மார்பில் ஈசிஜி ஒயர்களோடு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அப்பா மிதித்ததைவிட அந்தத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். தன் இதயம் வேகமாகத் துடிப்பதையும், துடித்துவிட்டுத் தானாக அடங்குவதையும் தன் கண்ணாலேயே பார்த்தார். அந்தக் கோடுகள் தந்த தைரியத்தை எங்களில் யாராலும் தந்திருக்க முடியாது. வீட்டில் நடக்கும்போது என்ன அளவு என்று கேட்டதற்கு அங்கே சொன்னதும் எளிமைதான். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு துண்டு துண்டாக உடைந்தால் வேகத்தைக் குறை. மார்பில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றலோ வந்தால் நிறுத்து. அதையும் எழுதிக் கொடுத்தார்கள். 12 வாரம் கழித்து 390 மீட்டர், ஒரு முறையும் நிற்காமல். அன்று வீட்டுக்கு வந்து மாடிக்கு ஏறிப் போய், ஏழெட்டு மாதமாகப் பார்க்காத தன் அறையைத் திறந்து, ஜன்னல் கதவுகளைத் தள்ளிவிட்டார். நாங்கள் கீழேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

உடற்பயிற்சி எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. அதுவும் மருந்துதான் என்றால், ஆகாதவர்களும் இருப்பார்கள், அளவு மீறினால் கெடுதலும் இருக்கும். தசைநாண் அறுந்து தைத்தவர் அவசரப்பட்டு எடை ஏற்றினால் தையல் விடும். நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாக அசைந்தாலே நாள்கணக்கில், வாரக்கணக்கில் படுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைப் பல வருடம் சிபாரிசு செய்துவந்த பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2021இல் அதைத் தரவேண்டாம் என்று தன் வழிகாட்டுதலையே மாற்றிக்கொண்டது. திடீர் இடுப்பு வலிக்கு வேறு கணக்கு. 1995இல் வெளியான பின்லாந்து ஆய்வில் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவினருக்கு முடிந்த அளவு வழக்கமான வேலை என்று கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள், படுத்தவர்கள்தான் கடைசி. ஆகவே ஒருவருக்கு எடை, இன்னொருவருக்கு நடை, மற்றொருவருக்கு அன்றாட வேலையே போதும், வேறொருவருக்கு உண்மையிலேயே ஓய்வு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும்தான். அதனால்தான் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டு எங்களை அனுப்பாதீர்கள் என்கிறேன்.

பிசியோதெரபி என்ற பெயரில் நடக்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். போனதும் படுக்கவைத்து, கரண்ட் வைத்து, சூடு வைத்து, அரை மணியில் அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. அந்த இயந்திரங்கள் சற்று நேரம் வலியை மட்டுப்படுத்தலாம். ஆனால் படுத்திருப்பவருக்குத் தசை வளராது, மூட்டு தானாக மடங்காது. ‘பிசியோதெரபி, பத்து நாள்’ என்று நீங்கள் எழுதும் சீட்டு அதற்கும் வழிவிடுகிறது. 90 டிகிரி மடங்கவேண்டும், கைப்பிடிக்காமல் படி இறங்கவேண்டும், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவேண்டும் என்று எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிவிட்டால், போகிற வழியைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார். நாற்காலியிலிருந்து எழ முழங்கால் 90 டிகிரிக்குக் குறையாமல் மடங்கவேண்டும், சமதரையில் நடக்க 60 சொச்சம் போதும். இது எனக்கே இப்போது மனப்பாடம். நான் 65 டிகிரியில் இருந்தபோது, ‘நடக்கிறாரே, அப்புறம் என்ன’ என்று வீட்டில் நினைத்தார்கள். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்துவிட்டு எழத் தெரியாமல் நான் தவித்ததை அவர்கள் பார்க்கவில்லை.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். மறுவாழ்வுச் சிகிச்சை கிடைத்தால் பலனடையக்கூடிய உடல்நிலையில் உலகம் முழுக்க சுமார் 240 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்த, நடுத்தர வருமானமுள்ள சில நாடுகளில் தேவைப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்றும் சொல்கிறது. அத்தனை பேருக்கும் வாரம் மூன்று நாள் நேரில் பயிற்சி தர ஆளில்லை. அதனால்தான் தாளைக் கேட்கிறேன். ஆள் பற்றாத இடத்தில் தெளிவான ஒரு தாள் பாதி ஆள். உங்களிடம் அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து வகை நோயாளிகளுக்கு, பிசியோதெரபிஸ்ட்டோடு ஒரே ஒரு மாலை உட்கார்ந்து மாதிரித் தாள் தயார் செய்துவிடலாம். எண்களை மட்டும் ஆளுக்கேற்ப நிரப்பினால் போதும். அச்சடித்த படத்தைவிட, நோயாளி சரியாகச் செய்வதை அவருடைய செல்போனிலேயே அரை நிமிடம் படம் பிடித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் என் காலையே நான் பார்த்துச் சரிசெய்துகொண்டேன்.

முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் அதற்கு முன்பே கற்றுக்கொடுங்கள். மயக்கமும் வலியும் பயமும் சேர்ந்திருக்கும் மறுநாள் காலையில் சொன்னால் ஒன்றும் மண்டையில் ஏறாது. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். ‘அசைக்காதே’ என்று அன்பால் தடுக்கப்போவது அவர்தான். மறுபரிசோதனைக்கு வரும்போது எக்ஸ்ரேயோடு இன்னொரு எண்ணையும் பாருங்கள். முழங்கால் என்றால் எத்தனை டிகிரி, தோள் என்றால் கை எங்கேவரை எட்டுகிறது, முதியவர் என்றால் 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறார். அரை நிமிட வேலை. எலும்பு சேர்ந்ததா என்பது உங்கள் கேள்வி. என் கேள்வி, நான் படி இறங்குவேனா என்பது. இரண்டுக்கும் அந்தத் தாளில் இடம் வேண்டும்.

நீரிழிவு இருப்பவர் தோளில் இறுக்கம் என்று வந்தால், பக்கவாதத்தில் ஒரு கையில் லேசாக அசைவு மிச்சமிருந்தால், காத்திருக்காமல் அன்றே அனுப்பிவையுங்கள். பக்கவாதத்தில் நல்ல கைக்கு உறைபோட்டு, பாதித்த கையையே இரண்டு வாரம் விடாமல் வேலை செய்யவைக்கும் முறையை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கினார். 2006இல் வெளியான பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்களுக்குக்கூட அது பலன் தந்தது. அது எல்லாக் கைக்கும் ஏற்றதல்ல, விரலிலும் மணிக்கட்டிலும் கொஞ்சமாவது அசைவு இருக்கவேண்டும். ஆனால் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால்தானே தெரியும்?

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்த இரண்டாவது வாரம் 65 டிகிரி. நான்காவது வாரம் 90. பன்னிரண்டாவது வாரம் 120. படி ஏறுவது சீக்கிரமே வந்துவிட்டது. இறங்குவதுதான் கடைசிவரை வரவில்லை. நல்ல கால் கீழ்ப்படிக்குப் போகும்போது மேற்படியில் நிற்கும் வலது தொடை மொத்த உடம்பையும் தாங்கி மெதுவாக விடவேண்டும். அது முடியாமல் ஒவ்வொரு படியிலும் தொப்பென்று விழுந்தேன். அதற்கு ஒரு சாண் உயரமுள்ள பலகையில் நின்று, இடது குதிகால் தரையைத் தொடும்வரை நாலு எண்ணி இறங்கும் பயிற்சி கொடுத்தார்கள். 8 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏழு வாரம் செய்தேன். எட்டாவது வாரம், காலையில் செய்தித்தாள் எடுக்கக் கீழே போனவன், பாதிப் படியில்தான் கவனித்தேன், கை கைப்பிடியில் இல்லை.

இன்று உங்கள் மேசையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கையெழுத்துக்குக் காத்திருக்கும். அதன் கடைசி வரியை ஒருமுறை பாருங்கள். ‘சொன்னபடி’ என்று இருந்தால், அதை அடித்துவிட்டு நான்கு வரி எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால், நோயாளி வாசலைத் தாண்டுமுன் பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

நன்றியோடு,
உங்களிடம் சிகிச்சை பெற்ற ஒருவர்